கழுத்தளவிலிருந்து முழங்காலளவுக்கு

எனக்கு நீச்சல் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிகால் தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாண்) அறுந்து, மாதக்கணக்கில் குளத்துக்குப் போய்வந்து, மறுபடி பாட்மிண்டன் ஆட வந்தவள் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது, "ஓ, நீங்க நல்லா நீந்துவீங்களா?" என்றுதான். நீச்சலுக்கும் இதற்கும் அவ்வளவாகச் சம்பந்தம் கிடையாது. நான் அங்கே பெரும்பாலும் நடந்தேன். நெஞ்சளவுத் தண்ணீரில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆமை வேகத்தில்.

அறுந்த கதை சின்னது. இரட்டையர் ஆட்டம். தலைக்கு மேலே பின்னால் போன ஷட்டிலுக்காக வலது காலை ஊன்றித் தள்ளினேன். 'டப்' என்று ஒரு சத்தம், குதிகாலுக்கு மேலே பலமான ஓர் அடி. ஜோடிதான் ராக்கெட்டால் அடித்துவிட்டாள் என்று திரும்பி முறைத்தேன். அவள் வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இந்தக் காயம் பட்டவர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள், யாரோ பின்னாலிருந்து உதைத்தார்கள் என்று. மருத்துவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கினார். இடது காலை அமுக்கியபோது பாதம் தானாகக் கீழே வளைந்தது. வலது காலில் ஓர் அசைவும் இல்லை. ஸ்கேன் எல்லாம் அப்புறம். அந்த ஓர் அமுக்கிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அறுவை சிகிச்சை, தையல், குதிகாலுக்கு அடியில் ஆப்பு வைத்த பெரிய பூட், ஊன்றுகோல். இந்தப் பகுதி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், விட்டுவிடுகிறேன்.

பூட்டைக் கழற்றியதும் தெரிந்தது நிலவரம். கெண்டைக்கால் வற்றிப்போயிருந்தது. அதைவிட மோசம், நடை. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தால் தள்ளி முன்னே போக வழியில்லை என்றதும் உடம்பு தானாக வேறு வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறது, இடுப்பைத் தூக்கிக் காலைச் சுற்றிக் கொண்டுவருகிறது, நல்ல கால் அரையடிதான் எடுத்து வைக்கிறது. கொஞ்ச நாள் அப்படியே நடந்துவிட்டால் அதுவே பழகிவிடும். என் பிசியோவுக்குத் தசை வற்றியதைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை, இந்த நொண்டல் ஒட்டிக்கொண்டுவிடக் கூடாது என்பதில்தான் குறியாக இருந்தார். "தரையில நடந்து பழகாதீங்க, தண்ணில நடந்து பழகுங்க" என்றார். தையல் போட்ட இடம் முழுக்க மூடி, அறுவை செய்தவர் சரி என்று சொன்ன பிறகுதான் இறக்கினார். திறந்த காயத்தோடு குளத்தில் இறங்குவது யாராக இருந்தாலும் கூடாது.

தண்ணீர் செய்யும் முதல் வேலை எடையைக் குறைப்பது. இது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு குறைகிறது என்பதுதான் உண்மையில் பயன்படுகிற விவரம். கழுத்தளவில் நின்றால் காலுக்கு வருவது உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான். நெஞ்செலும்பின் அடிமுனை வரை நீர் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, பெண்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. கொழுப்பு நன்றாக மிதக்கும், ஆகவே உடம்பில் அது கூடுதலாக இருப்பது இந்த ஓர் இடத்தில் நமக்குச் சாதகம். இடுப்பெலும்பு அளவில் ஏறக்குறைய பாதி. நான் 60 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கழுத்தளவில் நின்றால் 6 கிலோ குழந்தை, நெஞ்சளவில் 20 கிலோ பள்ளிச் சிறுமி, இடுப்பளவில் 30 கிலோ. இதெல்லாம் அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. நடந்தால் கூடும், வேகமாக நடந்தால் இன்னும் கூடும்.

எங்கள் குளத்தின் தரை சரிவானது. ஒரு முனையில் கால் எட்டாத ஆழம், மறு முனையில் தொடைக்குக் கீழே. ஆகவே எடையைக் கூட்ட வேண்டுமென்றால் பிசியோ எதையும் கையில் கொடுக்கவில்லை, "இன்னும் ரெண்டு அடி இந்தப் பக்கம் வாங்க" என்பார். பக்கச்சுவரில் நீல ஓடுகள் பதித்த ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை என் விலா எலும்பின் கீழ்ப்பகுதிக்கு நேராக இருக்கும் இடத்தில்தான் என் பழைய வாசம்.

அங்கேதான் முதல் குதிகால் தூக்கல். இந்தக் காயத்தில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துவதுதான் பெரிய பரீட்சை. தரையில் அது வருவதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்குப் பிறகும் நல்ல காலின் உயரம் வராது. நெஞ்சளவுத் தண்ணீரில் இரண்டு காலையும் சேர்த்து உயர்த்தினேன், சுலபமாக இருந்தது. அடுத்து, இரண்டு காலால் ஏறி, மேலே இருக்கும்போது இடது காலை மெல்ல விலக்கி, வலது காலால் மட்டும் இறங்கச் சொன்னார். கீழே குனிந்து பார்த்தால் தண்ணீருக்குள் பாதம் நெளிந்து நெளிந்து தெரியும், ஒன்றும் புரியாது. ஆகவே அவர் நீருக்குள் கையை விட்டு என் குதிகாலுக்கு அடியில் இரண்டு விரலை வைத்துக்கொள்வார். குதிகால் விரலைத் தொடும்வரை எவ்வளவு நிதானமாக இறங்குகிறது என்று அதில்தான் தெரியும். சட்டென்று விழுந்தால் "மறுபடி" என்பார். எனக்கு அந்த விரல்கள் படும் நொடிதான் கணக்கு. விழுகிற கால், இறங்குகிற கால், இரண்டும் வேறு வேறு என்று அங்கேதான் புரிந்தது.

வீக்கத்துக்கும் தண்ணீர் நல்லது. ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடும். 1.2 மீட்டர் ஆழத்தில் அது ஏறக்குறைய 88 மில்லிமீட்டர் பாதரசம். நம் ரத்த அழுத்தத்தின் கீழ் எண் வழக்கமாக 80-ஐ ஒட்டி இருக்கும், அதைவிடச் சற்று அதிகம். நிற்கும்போது கணுக்கால்தானே எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறது, வீங்குகிற இடத்திலேயே அழுத்தமும் அதிகம். எந்தக் காலுறையும் இப்படிச் சீராகப் பிடிக்காது. பிசியோ ஒரு நாடாவை உள்ளங்காலுக்கு அடியிலும் கணுக்காலைச் சுற்றியும் எட்டு வடிவில் போட்டு, இறங்கும் முன்னும் ஏறிய பின்னும் அளப்பார். ஏறிய பின் அளவு குறைந்திருக்கும். வீட்டுக்குப் போய்க் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் திரும்ப வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இனி எதிர்ப்பு. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அதில் காலை அசைத்தால், வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. இதில் ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் தள்ளுவதை நிறுத்திய நொடியிலேயே தண்ணீரின் எதிர்ப்பும் நின்றுவிடும். உடற்பயிற்சிக் கூடத்தில் தூக்கிய எடையைப் பாதியில் விட்டால் அது நம் மேல் விழும். இங்கே வலித்தால் நிறுத்தினால் போதும். வலிக்குப் பயந்து பயந்து காலை அசைத்தவளுக்கு அந்த ஒன்று பெரிய தைரியம் கொடுத்தது. துடுப்புக் காலணி போடலாமா என்று கேட்டேன், முறைத்தார். தைத்த தசைநாணில் அவ்வளவு நீளமான நெம்புகோலை மாட்ட இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம்.

நடையில் முன்னால் நடப்பது பாதிதான். பின்னோக்கி நடக்கவைத்தார். பின்னால் போகும்போது விரல்கள் முதலில் தரையைத் தொட்டு அப்புறம்தான் குதிகால் இறங்கும், கெண்டைக்கால் ஏய்க்க முடியாது. பக்கவாட்டிலும் நடந்தேன், பாட்மிண்டனுக்கு அதுதானே பாதி உயிர். அப்புறம் ஒற்றைக் காலில் நிற்பது. நிற்பது சுலபம்தான், ஆனால் அவர் என்னைத் தொடாமல், என்னைச் சுற்றி இரண்டு கையாலும் தண்ணீரைக் கலக்கிவிடுவார். எந்தப் பக்கத்திலிருந்து தள்ளு வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, கணுக்கால்தான் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். விழுந்தாலும் தண்ணீரில்தான் விழுவோம். நீச்சல் தெரியாதவளுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பது கேள்விதான், ஆனால் தரையில் விழுவதைவிடத் தேவலை.

குளத்தில் எதை நம்பக் கூடாது என்றால், வலியை. சிகிச்சைக் குளத்தின் தண்ணீர் 33, 34 டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டில், அந்த லேசில், எதுவுமே வலிக்காது. எல்லாம் செய்துவிடலாம் போலத் தோன்றும். முக்கியமாக, பாதத்தை மேல்நோக்கி மடக்குவது. தைத்த தசைநாண் ஆரம்ப மாதங்களில் இழுபட்டு நீண்டுவிட்டால் அப்புறம் எவ்வளவு பயிற்சி செய்தாலும் தள்ளும் வலு முழுதாக வராது. ஆகவே எவ்வளவு மடக்கலாம் என்பதை அவர் சொன்ன கோணத்தோடு நிறுத்திக்கொண்டேன், வலிக்கவில்லை என்பதற்காக மேலே போகவில்லை. நேற்று செய்தது அதிகமா இல்லையா என்று சொல்வது மறுநாள் காலை. படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் வழக்கத்தைவிட விறைப்பாக இருந்தால் அன்றைக்குக் குறைவு, வழக்கம்போல இருந்தால் இரண்டு அடி ஆழம் குறைந்த பக்கம். ரொம்ப எளிய விதி, இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

சரி, ஆழ்நீர் ஓட்டம். எனக்கு வயிற்றைக் கலக்கிய பகுதி இது.

கால் தரையில் படாத ஆழத்தில், இடுப்பில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு, நின்ற நிலையிலேயே ஓடுவது. நுரையீரலுக்கும் இதயத்துக்கும் ஓட்டம், காலுக்கு ஒரு மோதலும் கிடையாது. பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் 4 முதல் 6 வாரம் வரை இதை மட்டுமே செய்தும் தங்கள் தாக்குப்பிடிக்கும் திறனை இழக்கவில்லை என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எனக்கோ முதல் கவலை மூழ்கிவிடுவேனா என்பது. பெல்ட்டை நன்றாக இறுக்கினால் அது நம்மை மிதக்கவைக்கும், தளர்வாகக் கட்டினால்தான் அது அக்குள் வரை ஏறிவந்து கழுத்தைப் பிடிக்கும். பிசியோ முதலில் என்னைப் பெல்ட்டோடு சும்மா தொங்கவிட்டார், ஒரு கை கம்பியில். அப்புறம் இரண்டு விரல் கம்பியில். அப்புறம் கம்பி என் முதுகுக்குப் பின்னால்.

ஓடும் முறை முக்கியம். பயந்தவர்கள் எல்லோரும் கையால் தண்ணீரைத் துழாவி, சைக்கிள் மிதிப்பது போலக் காலைச் சுழற்றுவார்கள். அது ஓட்டம் ஆகாது. கையை லேசாக மூடி, தரையில் ஓடும்போது வீசுவது போலவே வீச வேண்டும். உடம்பு சற்றே முன்சாய்வு. முழங்கால் மேலே வந்து, கால் கீழேயும் பின்னாலும் நீளப் போக வேண்டும். சரியாகச் செய்தால் இடத்தை விட்டு அதிகம் நகர மாட்டோம், அதைப் பார்த்து மனம் தளரக் கூடாது.

இதயத் துடிப்பைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. கழுத்தளவு நீரில் அழுத்தம் காரணமாகக் காலிலும் வயிற்றிலும் உள்ள ரத்தத்தில் ஏறக்குறைய 700 மில்லி நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை அனுப்புவதால் அதே உழைப்புக்குத் துடிப்பு குறைவாகவே காட்டும், நிமிடத்துக்கு 10, 15 வரைகூட. ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு, பேச முடிகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டேன். ஒரு நிமிடம் பேச முடியாத வேகம், ஒரு நிமிடம் நிதானம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்று சொல்வதும் இதே 700 மில்லியால்தான்.

குளத்தில் மிகவும் ஆபத்தான இடம் எது தெரியுமா? உடை மாற்றும் அறைக்குப் போகும் ஈரத் தரை. தண்ணீருக்குள் இருக்கும்வரை இறகுபோல இருந்தவள் ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் எடை திரும்ப வந்து ஏறுகிறது. அந்த நேரத்தில் கெண்டைக்கால் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கும், சூட்டில் ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியிருக்கும், தலை லேசாகச் சுற்றும். ரப்பர் அடி போட்ட நீர்க்காலணி வாங்கிக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், குடிக்கத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், தெரியாது அவ்வளவுதான்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு இதைச் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும்: குளம் ஆட்டக்களம் வரை கொண்டுபோய் விடாது. என்னோடு அதே நேரத்தில் வந்த ஒருவர், அவருக்கும் இதே காயம், தண்ணீரில் எல்லாம் ஜோராகச் செய்வார். வெளியே ஓடச் சொன்னால் "இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே" என்பார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தசைநாணுக்கு அது போதாது. ஓடும்போது குதிகால் தசைநாணில் உடல் எடையைப் போல 6 முதல் 8 மடங்கு வரை இழுவிசை வருவதாகக் கணக்கிடுகிறார்கள். குதித்து இறங்கும்போது தசை நீண்டுகொண்டே இறுகி எடையைத் தாங்க வேண்டும். தண்ணீரில் அந்த வேலைக்கு வாய்ப்பே குறைவு. மேலே தள்ளினாலும் எதிர்க்கிறது, கீழே தள்ளினாலும் எதிர்க்கிறது, நம் மேல் எதுவும் விழுவதில்லை. காயத்தின் ஆரம்பத்தில் எது வரமோ அதுவே பின்னால் குறையாகிவிடுகிறது. ஆகவே குளமும் தரையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓட வேண்டும்: குளத்தில் இடுப்பளவில் செய்வது நன்றாக வந்துவிட்டால், நெஞ்சளவில் செய்தது தரைக்கு மாற வேண்டும்.

எங்கள் வரிசை அப்படித்தான் போனது. நெஞ்சளவில் ஒற்றைக்கால் தூக்கல் வந்ததும் தரையில் இரட்டைக்கால் தூக்கல், ஒரு படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்குவது, முதுகில் பையை மாட்டிக்கொண்டு அதையே செய்வது. இடுப்பளவுத் தண்ணீரில் குதிக்கத் தொடங்கியதும் தரையில் வேகநடை. பாட்மிண்டனில் எதிராளி அடிக்கும் நொடியில் இரண்டு காலையும் சற்று அகட்டி ஒரு சின்னக் குதி குதிப்போமே, அதைத்தான் முதலில் தண்ணீரில் பழகினேன். இடுப்பளவு, அப்புறம் தொடையளவு, அப்புறம் முழங்காலளவு. முழங்காலளவு வந்தபோது ஏறக்குறைய முழு எடையும் வந்துவிட்டது, அங்கே தண்ணீர் செய்கிற வேலை காலைத் தடுப்பது மட்டும்தான். அந்த வாரமே கயிறு தாண்டக் கொடுத்தார்.

எப்போது களத்துக்கு என்பதற்கு நாட்காட்டி கொஞ்சம்தான் உதவும். கோபி பிரயன்ட் 2013 ஏப்ரலில் இதே தசைநாண் அறுந்து, அந்த டிசம்பரிலேயே கூடைப்பந்துக் களத்தில் நின்றார். இன்னொரு கூடைப்பந்து வீரர் கெவின் டுரான்ட் 2019 ஜூனில் அறுந்து 2020 டிசம்பரில்தான் அடுத்த லீக் ஆட்டம் ஆடினார். அதே காயம், ஒருவருக்கு எட்டு மாதம், இன்னொருவருக்கு ஒன்றரை வருடம். என் பிசியோ பார்த்தது வேறு: ஒற்றைக் காலில் குதிகால் எவ்வளவு உயரம் எழும்புகிறது, எத்தனை முறை, ஒற்றைக் காலில் தாவினால் எவ்வளவு தூரம். வலது கால் இடது காலில் பத்தில் ஒன்பது பங்கையாவது தொட வேண்டும். தாவலில் தொட்டுவிட்டது. தூக்கலின் உயரத்தில் இழுபறியாக இருந்தது, அதனால் முதலில் முன்வரிசைக்கு மட்டும் அனுமதி. வலையோரம் நின்று மெல்லத் தட்டுவது என் வேலை, பின்னால் ஓடிப் பாய்ந்து ஸ்மாஷ் அடிப்பது ஜோடியின் பொறுப்பு. அவள் இன்றுவரை இதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இப்போது முழு ஆட்டமும் ஆடுகிறேன். வலது கெண்டைக்கால் இன்னும் இடதைவிட மெலிவுதான், அது அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன். குளத்தை விடவில்லை. வாரயிறுதியில் கடுமையாக ஆடினால் மறுநாள் இடுப்பளவில் கொஞ்ச நேரம் நடை, பெல்ட்டோடு கொஞ்ச நேரம் ஓட்டம். ஆழத்தில் பெல்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி பிசியோ ஆசை காட்டிக்கொண்டே இருக்கிறார். இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.